பேத்தை மீனும் ‘விடு’ என்னும் சொல்லும்

மண்டபத்தில் ஐஸ் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுவது என் வேலை. எங்கள் ஊருக்கு இரு புறமும் கடல். பாக் நீரிணைப் பக்கத்தை வடகடல் என்றும், மன்னார் வளைகுடாப் பக்கத்தைத் தென்கடல் என்றும் சொல்வோம். என் வீடு வடகடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. இதைத் தொடக்கத்திலேயே சொல்லக் காரணம் உண்டு. எங்கள் நாய்க்குப் பாடம் சொல்லிக்கொடுத்ததில் காற்று வீசும் திசைக்கும் பங்கு இருந்தது என்பதை நான் மிகத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்.

தை மாதக் கடைசியில், சாத்தூர்ப் பக்கம் இருக்கும் என் மைத்துனர் எட்டு வாரக் குட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். தாய் சிப்பிப்பாறை இன வேட்டை நாய், தந்தை யாரென்று ஊருக்கே தெரியாது. சீலா மீனைப் போலக் கூர்மையான முகமும் ஒடுங்கிய வயிறுமாக இருந்ததால், என் மகள் அதற்குச் ‘சீலா’ என்றே பெயர் வைத்துவிட்டாள். மூன்றரை மாதம் ஆவதற்குள் சீலா எங்கள் தெருவில் பெயர் எடுத்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா பழைய வலையை விரித்து நெத்திலி காயப்போட்டிருந்த இடத்துக்குள் புகுந்து, தின்றது பாதி, மிதித்தது பாதி என்று ஒரு காலைப் பொழுதின் உழைப்பை நாசம் செய்தது. நான் பணத்தை நீட்டியபோது அக்கா வாங்கிக்கொண்டார், ஆனால், “குட்டின்னு பாக்குறேன் தம்பி. வளந்த பெறகும் வந்து வாய வச்சா, நான் கம்பத்தான் எடுப்பேன்” என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அவர் சொன்னதில் தவறு இல்லை. கருவாடு காயும் ஊரில் கட்டுப்படாத நாயை வளர்ப்பது, திறந்த பானையில் சோற்றை வைத்துவிட்டுப் பூனையை நோவதற்குச் சமம்.

முதலில் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். பதினைந்தே நாளில் எந்த நாயையும் அடக்கிக் காட்டுவதாகச் சொன்ன ஒருவரை வீட்டுக்கு வரவழைத்தேன். கழுத்தை இறுக்கும் சங்கிலி ஒன்றைப் போட்டு, சீலா சொன்னபடி செய்யாதபோதெல்லாம் சுண்டி இழுத்தார்; சுருட்டிய செய்தித்தாளால் மூக்கில் தட்டினார். மூன்றாம் நாள் சீலா உட்கார்ந்தது உண்மை. நான்காம் நாள் அவருடைய பைக் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே அது நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டது. “அது கீழ்ப்படியல, பயப்படுது” என்று என் அம்மா சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. மீதிப் பணத்தைக் கொடுத்து அவரை அனுப்பிவிட்டேன். பைக் சத்தம் கேட்டால் காதை மடக்கும் பழக்கம் சீலாவிடம் பல மாதங்கள் நீடித்தது.

இராமநாதபுரத்தில், ஊருக்கு வெளியே வேலியிட்ட மைதானம் ஒன்றில் ஞாயிறுதோறும் நாய்களுக்குக் கீழ்ப்படிதல் வகுப்பு நடக்கிறது என்று கால்நடை மருத்துவர்தான் சொன்னார். காவல்துறையின் மோப்ப நாய்ப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர் நடத்துகிறார். எட்டு வாரம், காலை ஆறரை மணிக்குத் தொடங்கி ஏழரைக்குள் முடிந்துவிடும். சேருவதற்கு முன் அவர் கேட்டது தடுப்பூசி அட்டையைத்தான். பார்வோ, டிஸ்டெம்பர் ஆகிய நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி 8, 12, 16 ஆகிய வாரங்களிலும், மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டிருந்தோம். தடுப்பூசிகள் முடியும்வரை குட்டியை முடிந்தவரை வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தோம் என்று நான் பெருமையாகச் சொன்னபோது, அவர் முகம் சுருங்கியது. மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரையில்தான் குட்டி உலகத்தைப் பயமின்றிப் பார்த்துப் பழகும் பருவம். அப்போது பார்க்காதவற்றைப் பின்னாளில் சந்தேகத்தோடுதான் பார்க்கும். தெரு மண்ணில் விடாமல், தோளில் தூக்கிக்கொண்டு கடைத்தெரு, பேருந்து நிறுத்தம், படகுத்துறை என்று காட்டியிருக்க வேண்டும் என்றார். சீலா இன்றும் குடையைக் கண்டால் குரைப்பதற்கு நான்தான் பொறுப்பு.

வகுப்பு தொடங்கியது ஏப்ரல் நடுவில். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் என்பதால், எங்கள் கம்பெனியில் வேலை குறைந்திருந்தது. குட்டியானை வண்டியும் சும்மா நின்றது. “டீசல் போட்டுக்கிட்டு எடுத்துட்டுப் போப்பா” என்று முதலாளி சொல்லிவிட்டார். அதனால் ஐஸ் ஏற்றும் வண்டியில் நானும் மகளும் சீலாவும் உச்சிப்புளி வழியாக ஞாயிறு விடியலில் இராமநாதபுரம் போய்வந்தோம். முதல் இரண்டு வாரம் சீலா வண்டியிலேயே வாந்தி எடுத்தது; வெறும் வயிற்றோடு ஏற்றிச் சென்றால் வாந்தி வராது, கூடவே பசியோடு இருக்கும் நாய்க்குப் பாடமும் சீக்கிரம் ஏறும் என்பதை மூன்றாம் வாரம்தான் கற்றுக்கொண்டோம்.

எங்களோடு சேர்த்து ஏழு நாய்கள். இரண்டு லாப்ரடார், ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட், ஒரு பொமரேனியன், நாட்டு நாய்கள் இரண்டு, இவற்றோடு பால் வெள்ளையில் ஒரு ராஜபாளையம். அந்த ராஜபாளையத்தின் உரிமையாளர் நாயின் திமிரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். எத்தனை முறை கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லையாம். பயிற்சியாளர் அதன் முதுகுக்குப் பின்னால் நின்று கை தட்டினார், தகர டப்பாவைத் தட்டினார். காது அசையவே இல்லை. வெண்ணிற நாய்களில் பிறவிச் செவிட்டுத்தன்மை வருவதுண்டு. ராஜபாளையத்திலும் அது அறியப்பட்ட குறைதான். “திமிர் இல்லங்க, அதுக்குக் காது கேக்கல” என்று அவர் சொன்னபோது அந்த மனிதர் நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து அந்த நாய்க்கு எல்லாமே கைச்சாடைதான். எட்டாம் வாரத்தில் வகுப்பிலேயே அதுதான் முதலிடம். நாய்கள் நம் வாயைவிட உடம்பைத்தான் கூர்ந்து படிக்கின்றன என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. கடற்கரையில் அலையும் காற்றும் குரலை விழுங்கிவிடும் என்பதால், நானும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கைச்சாடையைச் சேர்த்தே பழக்கினேன்.

பாடம் சொல்லிக்கொடுக்கும் முறை நான் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக இருந்தது. உட்காரச் சொல்லி முதுகை அழுத்துவது கிடையாது. தின்பண்டத்தை மூக்கருகே காட்டி, மெல்லத் தலைக்கு மேலாகப் பின்னோக்கி நகர்த்தினால், அதைப் பார்க்கத் தலை உயரும்போது இடுப்பு தானாகவே தாழும். இடுப்பு தரையைத் தொடும் அந்தக் கணத்தில் நாவால் ‘டொக்’ என்று ஒலி எழுப்பித் தின்பண்டத்தைக் கொடுக்க வேண்டும். ‘உட்கார்’ என்ற சொல்லை அப்போது உச்சரிக்கவே கூடாது. செயல் தடங்கலின்றி வரத் தொடங்கிய பிறகுதான் அதன்மேல் சொல்லை ஒட்ட வேண்டும். அந்த ‘டொக்’ எதற்கு என்று என் மகள் கேட்டாள். தின்பண்டம் பையிலிருந்து வாய்க்குப் போய்ச் சேரும் இரண்டு விநாடிக்குள் நாய் எழுந்துவிடும். எழுந்ததற்குத்தான் கூலி கிடைத்தது என்று அது நினைத்துக்கொள்ளும். ‘நீ செய்தது சரி, கூலி வருகிறது’ என்று அந்தக் கணத்தையே சுட்டிக்காட்டுவதற்கு ஒலி தேவைப்படுகிறது. 1960களில் ஹவாயில் டால்பின்களைப் பழக்கியவர்கள் இதற்கு ஊதலைப் பயன்படுத்தினார்கள் என்றும், அந்த வழிமுறைதான் பின்னர் நாய்களுக்குப் பரவலாக வந்தது என்றும் அவர் விளக்கினார். டால்பினை நாங்கள் ஓங்கல் என்போம். நீந்திக்கொண்டிருக்கும் ஓங்கலுக்குச் சங்கிலி போட முடியுமா, செய்தித்தாளால் தட்டத்தான் முடியுமா? அது தானாக விரும்பி வந்தால்தான் பாடம்.

முதல் வாரத்திலேயே எங்கள் வீட்டின் சிக்கல் ஒன்று வெளிப்பட்டது. அம்மா ‘உக்காரு’ என்பார், மகள் ‘சிட்’ என்பாள், நான் ‘ஒக்காரு, ஒக்காரு, ஏய் ஒக்காரு’ என்று மூன்று முறை சொல்வேன், மனைவி பெயரை மட்டும் சொல்லி முறைப்பாள். சமையலறைக் கதவில் சொற்களை எழுதி ஒட்டும்படி பயிற்சியாளர் சொன்னார். உட்காருவதற்கு ‘உக்காரு’ என்றும், அசையாமல் இருப்பதற்கு ‘நில்லு’ என்றும் எளிதில் முடிவாகிவிட்டது. கூப்பிடும் சொல்லில்தான் விவாதம் வந்தது. ‘வா’ என்பது வீட்டில் ஒரு நாளைக்கு நூறு முறை யாரோ யாரையோ அழைக்கும் சொல். அதற்கும் தனக்கும் தொடர்பில்லை என்று சீலா எப்போதோ முடிவு செய்திருந்தது. “எங்க காலத்துல ‘தோ தோ’ன்னா தெருக்கோடி நாயும் ஓடி வருமே, அத விட்டுட்டு என்ன யோசன?” என்று அம்மா கேட்டார். வேறு யாரும் வேறு எதற்கும் பயன்படுத்தாத சொல், குறுகிய சொல், காற்றிலும் கேட்கும். அதையே எடுத்துக்கொண்டோம். ‘தோ’ என்று அழைத்துக் குளிப்பாட்டவோ, ஊசி போடவோ, திட்டவோ கூடாது என்பது வீட்டுச் சட்டம். அத்தகைய வேலைகளுக்கு நாமே எழுந்து போய்க் கையோடு அழைத்து வரவேண்டும். ‘தோ’ என்றால் நல்லதுதான் நடக்கும் என்ற நம்பிக்கை நாய்க்கு ஒருமுறைகூடப் பொய்க்கக் கூடாது.

எடுத்ததை விடுவதற்கு வகுப்பில் ஆங்கிலச் சொல்லைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நாங்கள் ‘விடு’ என்று வைத்துக்கொண்டோம். அது எவ்வளவு பெரிய தவறு என்பது பின்னால் தெரிந்தது. என் மனைவி தொலைபேசியில் தன் தங்கையிடம் “சரி விடு, விடு” என்று ஆறுதல் சொல்லும்போதெல்லாம், முற்றத்தில் தேங்காய் மட்டையைக் கடித்துக்கொண்டிருக்கும் சீலா அதைத் துப்பிவிட்டுக் கூலிக்காக வந்து நிற்கும். மாற்றுவதற்குள் பழகிவிட்டது; அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

‘விடு’ என்பதைப் பழக்கும் விதத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். கடற்கரையில் நாய் வளர்ப்பவருக்கு மற்றவற்றைவிட இதுதான் முக்கியம். மூடிய கைக்குள் தின்பண்டத்தை வைத்து நாயிடம் நீட்ட வேண்டும். அது நக்கும், பிராண்டும், முனகும். நாம் பேசாமல் இருக்க வேண்டும். சலித்துப்போய் மூக்கை அது ஒரு விரல்கடை பின்னால் எடுக்கும் கணத்தில் ‘டொக்’ என்று ஒலியெழுப்பி, கூலியை மற்றொரு கையிலிருந்து கொடுக்க வேண்டும். விடச் சொன்ன பொருளையே கூலியாகக் கொடுத்துவிட்டால், ‘விடு’ என்பதற்குக் ‘கொஞ்சம் பொறு’ என்று பொருளாகிவிடும். அடுத்து விரித்த கை. அதற்கடுத்துத் தரை, எட்டிப் பிடிக்கப் பார்த்தால் பாதத்தால் மறைத்துக்கொள்ள வேண்டும். அதன்பின் நடந்துகொண்டே கடந்து போவது. ஏற்கனவே வாயில் கவ்விவிட்டால் தாடையைப் பிளக்கப் போராடாமல், அதைவிட மேலான ஒன்றைக் காட்டிப் பண்டமாற்றுச் செய்ய வேண்டும். எங்களிடம் அந்த மேலான ஒன்று நெத்திலி. உப்புப் போடாமல் வெயிலில் காய்ந்த நெத்திலியைச் சிறு துண்டுகளாக ஒடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு அக்காவிடமே விலைக்கு வாங்கினேன் என்பதையும் சொல்ல வேண்டும். திருடிய நாய்க்கே வாடிக்கையாகக் கொடுப்பதில் அவருக்கு ஒரு சிரிப்பு. உப்புக் கருவாடு நாய்க்கு ஆகாது.

ஐந்தாம் வாரத்திற்குள் சீலா மைதானத்தில் கோழி ஈரலைத் தாண்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தது. பயிற்சியாளர் அதை மற்றவர்களுக்கு உதாரணமாகக் காட்டினார். நானும் சற்றுத் தலைக்கனத்தோடுதான் ஊர் திரும்பினேன்.

மறுவாரம் ஒரு காலையில், கரைவலை இழுத்து முடித்த இடத்தின் வழியாகச் சீலாவைக் கயிறில்லாமல் நடத்திச் சென்றேன். விசைப்படகுகளுக்குத்தான் தடை, கரைவலையும் நாட்டுப்படகும் நடந்துகொண்டுதான் இருந்தன. வலையில் அகப்படும் வேண்டாத உயிர்களை, அதாவது சொறி என்னும் ஜெல்லி மீன், சிறு நண்டு, உடம்பைப் பந்துபோல உப்பிக்கொள்ளும் பேத்தை மீன் ஆகியவற்றை அங்கேயே மணலில் ஒதுக்கிவிட்டுப் போவார்கள். சீலா உப்பிய பேத்தை ஒன்றைக் கவ்வியது. பேத்தையின் ஈரலிலும் சினையிலும் தோலிலும் இருக்கும் டெட்ரோடோடாக்சின் என்னும் நஞ்சு நரம்புகளை முடக்கி, மூச்சு விடும் தசைகளையும் நிறுத்திவிடக்கூடியது. சமைத்தாலும் அழியாது, முறிவு மருந்தும் கிடையாது. இது எங்கள் கரையில் சிறுபிள்ளைக்கும் தெரியும். ‘விடு’ என்று கத்தினேன். வகுப்பில் முதல் மாணவியாக இருந்த சீலா காதைக்கூட அசைக்கவில்லை. நான் ஓடினேன், ஓடியதுதான் தாமதம், இது விளையாட்டு என்று எண்ணி அதுவும் ஓடியது. இருநூறு அடி துரத்தினேன். வலைக்காரர் ஒருவர், “துரத்தாதிய! திரும்பி ஓடுங்க, திரும்பி ஓடுங்க!” என்று கத்தினார். வேறு வழி தெரியாமல் எதிர்த் திசையில் ஓடினேன். சீலா மீனைப் போட்டுவிட்டு என் பின்னால் ஓடி வந்தது. வாயைக் கழுவிவிட்டு, கால்நடை மருத்துவரை அழைத்து, வாந்தி வருகிறதா, கால் தள்ளாடுகிறதா என்று மாலை வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கடித்து விழுங்கவில்லை என்பதால் பிழைத்தது. அந்த நாளின் கணக்கில் நான் ஏதேதோ எழுதி, மறுநாள் எல்லாவற்றையும் திருத்தினேன்.

அடுத்த ஞாயிறு பயிற்சியாளரிடம் ஏறக்குறையச் சண்டைக்கே போனேன். அவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, “அது எங்கிட்ட, என் மைதானத்துல படிச்ச பாடம் தம்பி. உங்க கரையில அதுக்கு யாரு சொல்லிக்கொடுத்தா?” என்றார். எனக்கு முதலில் அது மழுப்பலாகத்தான் பட்டது. பிறகு அவர் சீலாவை மைதானத்துக்கு வெளியே, பத்தடி தள்ளியிருந்த சீமைக்கருவேல நிழலுக்கு அழைத்துப் போய் ‘உக்காரு’ என்றார். சீலா அவரை ஏதோ புது மொழியில் பேசுகிறவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தது. நாய் ஒரு சொல்லைக் கற்கும்போது அந்தத் தரை, அந்த வாசனை, அந்த வேலி, எதிரே நிற்கும் மனிதர் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்தே கற்கிறது. மைதானத்தில் ‘விடு’ என்றால் கோழி ஈரலை விடு என்பதுதான் அதன் கணக்கு. மனிதக் குழந்தை ஓரிடத்தில் கற்றதை வேறிடத்தில் தானே பொருத்திக்கொள்ளும். நாய்க்கு அந்தப் பொருத்தத்தை இடம் இடமாக நாம்தான் செய்துகொடுக்க வேண்டும். வகுப்புக்குப் பணம் கட்டியவர்கள் பலர், வீட்டில் நாய் சொல்பேச்சுக் கேட்கவில்லை என்று குறைப்படுவதன் காரணம் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். வகுப்பு எழுத்தைக் கற்றுத் தருகிறது. வாசிப்பு நம் தெருவில்தான் நடக்க வேண்டும்.

அதன்பிறகு கரையையே வகுப்பாக்கினேன். முதல் வேலையாக, படகுக்கு வாங்கும் நைலான் கயிற்றில் பத்து மீட்டர் வாங்கிக் கழுத்தில் போடாமல் மார்புப் பட்டையில் கட்டினேன்; நீளக் கயிறு திடீரென்று இறுகினால் கழுத்து எலும்புக்குக் கேடு. கையில் சுற்றிக்கொள்ளவும் கூடாது. ஒருமுறை சுற்றிக்கொண்டு உள்ளங்கையின் தோல் உரிந்தது. கரைவலை போடும் இடத்திலிருந்து நூறடி தள்ளி நின்று, கைக்குள் நெத்திலியை மூடிக்காட்டும் முதல் பாடத்திலிருந்து மறுபடியும் தொடங்கினேன். அங்கே பத்துக்கு எட்டு முறை சரியாகச் செய்தால் இருபதடி நெருங்குவது, தவறினால் பின்வாங்குவது. நேரம், தூரம், தொந்தரவு ஆகிய மூன்றில் ஒன்றைக் கூட்டும்போது மற்ற இரண்டைக் குறைக்க வேண்டும் என்பது வகுப்பில் கேட்ட விதி. கரையில்தான் அதன் அருமை தெரிந்தது. ஒரு தடவைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் நீட்டியதில்லை. காலை ஏழரைக்கு மேல் எங்கள் மணலில் பாடமும் கிடையாது. புறங்கையை மணலில் ஐந்து விநாடி வைத்திருக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. குடிநீர்ப் பாட்டில் இல்லாமல் போன ஒரு நாள், தாகத்தில் கடல்நீரைக் குடித்துவிட்டு இரவெல்லாம் பேதியானது. வீடு திரும்பியதும் விரலிடுக்கில் கருவேல முள்ளும், காதுக்குப் பின்னால் உண்ணியும் பார்ப்பது இன்றும் தவறுவதில்லை.

இதற்கிடையே ஆடி மாதத்தில், ஏழெட்டு மாத வயதில், அதுவரை தெரிந்ததையெல்லாம் மறந்ததுபோல ஒரு பருவம் வந்தது. அழைத்தால் பார்க்கும், பார்த்துவிட்டு வேறு பக்கம் போகும். இளம்பருவத்தில் இது எல்லா நாய்க்கும் வருவதுதான், கோபப்படாமல் கயிற்றை மீண்டும் கட்டுங்கள் என்றார் பயிற்சியாளர். கட்டினோம், ஆறேழு வாரத்தில் கடந்துபோனது.

தெருவில் எங்களுக்குத் தேவைப்பட்ட பாடம் வேறு. பள்ளிவாசலுக்குத் தொழப் போகும் பெரியவர்கள் எங்கள் சந்து வழியாகத்தான் போவார்கள். நாயின் எச்சில் பட்டால் அவர்கள் கழுவித் தூய்மை செய்துகொண்டுதான் தொழ முடியும். அன்பாகத் தாவுகிறது என்று நான் சிரித்துக்கொண்டிருப்பது முறையல்ல. எதிரே ஆள் வந்தால் ஓரமாக உட்கார்ந்து என் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று பழக்கினேன். மூன்று வாரம் எடுத்தது. அவர்களில் ஒருவர், முன்பெல்லாம் எதிர்ச் சாரிக்கு மாறிப் போனவர், இப்போது எங்களைத் தாண்டும்போது நடையைக் குறைத்து, “மண்டபத்துல மனுசன்கூட இப்படி வழிவிட மாட்டான்” என்று சொல்லிப் போகிறார். தெருப்பிள்ளைகள் விளையாட்டுக்குச் ‘சூ’ கொட்டி ஏவிவிடுவதைத்தான் இன்னும் முழுமையாக நிறுத்த முடியவில்லை.

குரைக்கிற நாய் கடிக்காது என்ற பழமொழியைப் பயிற்சியாளர் வெறுத்தார். கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்புவது, உடம்பு விறைப்பது, உறுமுவது என்று நாய் படிப்படியாகத்தான் தன் அச்சத்தைச் சொல்கிறது. உறுமியதற்கு அடித்தால் அடுத்த முறை உறுமாமலே கடிக்கும். வால் ஆட்டுவதும் எப்போதும் மகிழ்ச்சி அல்ல. கடிபட்டால், அது தடுப்பூசி போட்ட நாயாக இருந்தாலும், சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதை ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் எங்களைத் திரும்பச் சொல்லவைத்தார்.

புரட்டாசி முடிவில் சீலா பேத்தை மீனைக் கண்டால் ‘விடு’ என்ற ஒரு சொல்லில் விலகி வந்தது. கயிற்றை அவிழ்த்துவிட்டேன். எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன். கார்த்திகையில் வாடை எழுந்தது. ஒரே வாரத்தில் சீலா பழைய சீலாவாகிவிட்டது. கரையில் கால் வைத்ததும் மூக்கைத் தூக்கிக்கொண்டு என் குரல் எட்டாத தூரத்துக்குப் போய்விடும். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வாரக் கணக்கில் குழம்பிய பிறகு, வலைக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தபோதுதான் விளங்கியது. வைகாசி முதல் புரட்டாசி வரை நான் பாடம் நடத்தியது சோளகக் காற்றில். சோளகம் தெற்கிலிருந்து வீசுவது; வடகடற்கரையில் அது நிலத்திலிருந்து கடலை நோக்கிப் போகும்; நீரோரத்தில் கிடந்த மீனின் வாசனை எங்களுக்கு எதிர்ப்புறம் போய்விட்டது. சீலா மீனைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அதை அறிந்தது. பார்க்கும் தூரத்தில் நானும் இருந்தேன். வாடையோ கடலிலிருந்து நேராக எங்கள் முகத்தில் அடிப்பது. இருநூறு மீட்டருக்கு அப்பால் கிடக்கும் மீனும் வீட்டு வாசலிலேயே அதன் மூக்குக்கு வந்துவிடுகிறது. நான் சொல்லிக்கொடுத்தது கண்ணால் கண்டதை விடும் பாடம். மூக்கால் கண்டதை விடச் சொல்லிக்கொடுக்கவே இல்லை.

மறுபடியும் கயிறு, மறுபடியும் மூடிய கை. இம்முறை மகள் துணியில் சுற்றிய மீன் தலையைக் காற்றுக்கு எதிரே மறைத்து வைப்பாள். சீலாவின் மூக்கு உயர்ந்து நடை மாறும் கணத்தைப் பார்த்து, அது ஓடத் தொடங்குவதற்கு முன் ‘விடு’ என்பேன். நடை மாறுவதைக் கண்டுபிடிக்க எனக்குத்தான் அதிக நாள் ஆனது. தை பிறப்பதற்குள் ஓரளவு வந்தது. பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் மாதங்கள் அவை என்பதால், அந்தப் பருவம் முழுவதும் கயிறில்லாமல் விடவில்லை. ஆமை முட்டையைத் தோண்டும் நாய்களில் ஒன்றாக எங்கள் வீட்டு நாயும் இருக்கக் கூடாது.

இப்போது சீலாவுக்கு இரண்டு வயதாகிறது. அக்கா காயப்போட்ட கருவாட்டின் ஓரமாகக் கயிறில்லாமல் நடக்கும். பேத்தையைக் கண்டால் தொடுவதில்லை. அதன் பக்கத்தில் உட்கார்ந்து என்னைத் திரும்பிப் பார்க்கும். உயிர் காக்கும் பாடம் என்பதால் அதற்கு மட்டும் ஒன்றுக்கு இரண்டாக நெத்திலி கொடுத்துவந்தேன். சில வாரங்களாக ஒரு மாற்றம் தெரிகிறது. கரைக்குப் போனதும் சீலா விளையாடுவதில்லை. நீரோரமாக மூக்கைத் தாழ்த்திக்கொண்டு போய், எங்கிருந்தாவது ஒரு பேத்தையைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் அருகே அமர்ந்து, கூலிக்காகக் காத்திருக்கிறது. நேற்று காலை மட்டும் ஐந்து. பயிற்சியாளரிடம் தொலைபேசியில் சொன்னபோது வெகுநேரம் சிரித்துவிட்டு, “கூலிய ஒண்ணாக் கொறச்சு, சும்மா கூட நடக்குறதுக்கு ரெண்டாக் கொடுத்துப் பாருங்க தம்பி” என்றார். நாளைக் காலையிலிருந்து அதைத்தான் செய்து பார்க்கப் போகிறேன்.